சில்லியில் பீன்ஸ் போடலாமா

மேரு, கிள்ளான்
5.5.2024

அன்புள்ள நாகையா அண்ணனுக்கு,

தங்கச்சி புனிதா எழுதிக்கிறது. இங்க முட்டி வலியையும் மத்தியான மழையையும் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்க உங்க உடம்பு எப்படி இருக்கு? தைப்பூசத்துக்கு அப்புறம் ஒரு காய்ச்சல் வந்து படுத்தீங்களே, அதோட அசதி போயிடுச்சா? நாலு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. முட்டி ஆபரேஷன் பண்ணினவ நான். கோமுட்டர் ரயில் ஏறி வரவேண்டியது நீங்க.

போன்ல பேசினா அஞ்சு நிமிஷத்துல சண்டை வந்துடுதுன்னு உங்க மாப்பிள்ளை போட்ட சட்டப்படி லெட்டர் எழுதுறேன். ஸ்டாம்பு அவர் வாங்கித் தராரு. ஒரு வருஷமா நிம்மதியா இருக்காராம்.

திருச்செல்வம் போன் பண்ணினான். உங்களை அவனோட செராஸ் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஒரே பிடியா நிக்கிறான். பெத்த புள்ளை, வேற எப்படிப் பேசுவான்? அண்ணி போய் ரெண்டு வருஷமாச்சு. அறுபத்தெட்டு வயசுல பிரிக்ஃபீல்ட்ஸ் பிளாட்டுல தனியா ஆக்கிச் சாப்பிடணும்னு என்ன வேண்டுதல் உங்களுக்கு?

தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு இந்த வருஷமும் உங்க இறைச்சிச் சில்லிதான் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. சமைங்க. ஆனா இந்தத் தடவை சிவப்பு பீன்ஸ் கொட்டை போடுங்க. முப்பது வருஷமா கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கங்க.
தங்கச்சி புனிதா

---

பிரிக்ஃபீல்ட்ஸ்
16.5.2024

புனிதாவுக்கு,

அண்ணன் எழுதுவது. சுகம். மாப்பிள்ளையைக் கேட்டேன்னு சொல்லு. காய்ச்சல் வந்த இடம் தெரியாமப் போயிடுச்சு, அதையே நோண்டாதே.

செராஸ் பேச்சை விடு. செல்வம் நல்ல புள்ளைதான், மருமக சந்திரகலா அவனைவிட நல்லவ. ஆனா அவ சுத்த சைவம். அந்த வீட்டு அடுப்பில ஒரு முட்டை உடைச்சதில்ல. அங்க போய் நான் என்ன செய்யிறது, டிவி முன்னால உட்கார்ந்து ரசம் குடிக்கவா? இந்த அடுப்பு என்கிட்ட இருக்கிற வரைக்கும்தான் நான் மனுஷன். இதை அவன்கிட்ட நீயே சொல்லிடு.

பீன்ஸ் விஷயம். எத்தனை தடவை சொல்றது? பெட்டாலிங் ஜெயா பேக்டரியில அந்த டெக்சஸ் எஞ்சினியருக்குப் பதினோரு வருஷம் கார் ஓட்டினேன். அவர் சம்சாரம் சனிக்கிழமை சனிக்கிழமை சில்லி ஆக்கும், நான் பக்கத்துல நின்னு கத்துக்கிட்டது. அவங்க மாட்டிறைச்சி போட்டாங்க, நான் ஆட்டிறைச்சி போடுறேன், அவ்வளவுதான் வித்தியாசம். காய்ஞ்ச மிளகாயை ஊறவச்சு அரைக்கணும், தக்காளி அளவாப் போகணும், இறைச்சி மூணு மணி நேரம் வேகணும். கடைசியில வறுத்த சீரகம். சீரகம் இல்லாத சில்லி சில்லியே இல்ல, வெறும் இறைச்சிக் குழம்பு. பீன்ஸ் போட்டா அது கஞ்சி. அந்த அம்மா சொன்ன வார்த்தை இது, நான் சொன்னதில்ல.

இப்ப மிளகாயை முப்பதா ஏத்திட்டேன். முன்னால பதினஞ்சுதான். நல்லா இருக்கு.

அண்ணன்
நாகையா

---

மேரு
2.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்க லெட்டரைப் படிச்சு உங்க மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரிச்சாரு. எங்க சுகத்துக்கு அது போதும். முப்பது மிளகாய் போட்டுச் சாப்பிட்டா உங்க சுகம் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியும், கேட்கல.

உங்க எஞ்சினியர் அம்மாவுக்கு இறைச்சிக்குக் குறைவில்ல. அப்ப எங்க வீட்ல மாமியார், மாமனார், நாத்தனார் ரெண்டு பேர், நாங்க மூணு பேர். அரைக் கிலோ ஆட்டிறைச்சி. நீங்க சொல்லிக் கொடுத்த சில்லியை அரைக் கிலோவில ஏழு பேருக்கு ஆக்கிப் பாருங்க, அப்ப தெரியும் பீன்ஸ் ஏன்னு. ஒரு கைப்பிடி சிவப்பு பீன்ஸ் போட்டேன், எல்லா தட்டும் நிறைஞ்சுது. என் மக தாமரை அதைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தா, இன்னைக்கு உங்களைவிட அரை அடி உயரம். என் பீன்ஸை நீங்க கஞ்சின்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள சுருக்குன்னுதான் இருக்கு. வெளியில சொன்னதில்ல.

சனிக்கிழமை இவர் கண்ணைக் காட்ட அந்தப் பக்கம் வராரு. தூக்குல என் சில்லி கொடுத்து அனுப்புறேன். சாப்பிட்டுட்டு வழக்கம்போலத் திட்டி எழுதுங்க.

தங்கச்சி புனிதா

---

பிரிக்ஃபீல்ட்ஸ்
15.6.2024

புனிதாவுக்கு,

அண்ணன் நல்லா இருக்கேன். நீயும் முட்டியை மடக்கி நீட்டிக்கிட்டு இருப்பேன்னு நினைக்கிறேன். டாக்டர் சொன்ன நடையை விட்டுடாதே.

சில்லி வந்துச்சு. மூணு வேளை வச்சுச் சாப்பிட்டேன். பிரமாதம். சீரக வாசம் ஆளைத் தூக்குது, அந்த அம்மா கைப்பக்குவம் மாதிரியே இருந்துச்சு. பீன்ஸும் நல்லாத்தான் இருக்கு. போடலாம். நீ சொன்னதுதான் சரி. இத்தனை வருஷம் நான்தான் வீம்பு பிடிச்சேன்.

மாப்பிள்ளை மறுபடி கண் டாக்டர்கிட்ட வந்திருக்காரு, அவர்கிட்டயே தூக்கைக் கொடுத்து விடுறேன். வெறும் தூக்காத் திருப்பி அனுப்பற பழக்கம் நம்ம வீட்ல இல்லையே. மேல் தட்டுல நானே வறுத்து இடிச்ச சீரகத்தூள் இருக்கு, வச்சுக்க.

பக்கத்து வீட்டு ஃபஹீமா சின்னப் பொண்ணு, கைக்குழந்தைக்காரி. எதுக்கெடுத்தாலும் பயப்படுது. முந்தாநாள் ஓடி வந்து என் கேஸ் சிலிண்டர் தோங்கை அடைச்சுட்டுப் போகுது, நாத்தம் காரிடார் வரைக்கும் வருதாம். எனக்கு ஒன்னும் தெரியல. சன்னல் திறந்துதான் இருந்துச்சு.

அண்ணன்
நாகையா

---

மேரு
18.6.2024
(எழுதி, தபாலில் போடாத கடிதம்)

அண்ணே,

நலம் கேட்க மனசு வரல.

அந்தச் சில்லியில நான் சீரகமே போடல. இவர் கார் சாவியைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னாரு, அவசரத்துல மறந்துட்டேன். கார் போனதுக்கு அப்புறம்தான் வறுத்து வச்ச சீரகம் கிண்ணத்துலயே இருக்கிறதைப் பார்த்தேன். அண்ணன் கிழிக்கப்போறாருன்னு பத்து நாளா தபால்காரனைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க சீரக வாசம் தூக்குதுன்னு எழுதியிருக்கீங்க. பீன்ஸ் போடலாம்னு எழுதியிருக்கீங்க. அதை ரெண்டு தடவை படிச்சேன். நீங்க எனக்கு விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்ல அண்ணே.

அப்புறம் தூக்கைத் திறந்தேன். சீரகத்தூள் கன்னங்கரேல்னு கருகிக் கிடந்துச்சு. மூடியைத் திறந்ததும் வீடு பூரா கருகல் நாத்தம். அதை வறுக்கும்போது அடுப்புக்கு முன்னாலதானே நின்னிருப்பீங்க?

உங்களுக்கு மோப்பம் போயிடுச்சு. அந்தக் காய்ச்சலோட போயிருக்கும். கேஸ் வாடையும் தெரியாது. தனியா வேற இருக்கீங்க. செல்வத்துக்குத் தெரிஞ்சா அன்னைக்கே அடுப்பைப் பிடுங்கிட்டு உங்களை ஏத்திக்கிட்டுப் போவான், அந்தப் பயத்துலதான் மறைக்கிறீங்க. அவன்கிட்ட சொன்னா உங்க அடுப்பு போகும். சொல்லாம இருந்தா நீங்களே போயிடுவீங்களோன்னு பயமா இருக்கு.

நான் என்ன செய்யட்டும்?

---

மேரு
21.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்க சுகம். பதில் எழுத ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு, மன்னிச்சுக்கங்க. முட்டிதான் காரணம்.

சீரகத்தூள் ரொம்ப நல்லா இருந்துச்சு. நல்ல பக்குவமா வறுத்திருக்கீங்க. வாரா வாரம் அதைத்தான் போடுறேன்.

ஒன்னு கேட்கணும். அந்த ஃபஹீமாவோட போன் நம்பர் இருந்தா எழுதி அனுப்புங்க. சும்மாதான், அவசரத்துக்கு ஒரு நம்பர் இருக்கட்டும்னு. இப்ப கரண்ட்ல எரியற அடுப்பு மலிவா வந்திருக்காம், தாமரை சொல்றா. உங்களுக்கு ஒன்னு வாங்கி அனுப்பட்டுமா?

உடம்பைப் பார்த்துக்கங்க. சன்னலைத் திறந்தே வைங்க.

தங்கச்சி புனிதா

---

பிரிக்ஃபீல்ட்ஸ்
3.8.2024

புனிதா,

இருக்கேன்.

அதே சீரகத்தூள்ல கொஞ்சம் ஃபஹீமாவுக்கும் கொடுத்திருந்தேன். அது டப்பாவோட வந்து, "அங்கிள், இது கருகிப்போச்சு, கரித்தூளாட்டம் இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போச்சு. நிறம் கொஞ்சம் தூக்கலாத்தான் இருந்துச்சு, பழைய லைட்டு வெளிச்சத்துல சரியாத் தெரியலன்னு நினைச்சேன். மறுவாரம் உன் லெட்டர் வருது. நல்ல பக்குவம்னு எழுதியிருக்கே. வாரா வாரம் போடுறியாம்.

நீ என்னைக்கு என் சமையலை நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கே? என் கல்யாணப் பந்தியிலயே சாம்பார்ல உப்பில்லன்னு சமையல்காரர்கிட்ட சண்டைக்குப் போனவ நீ. உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் பாவம்னு பொய் எழுதியிருக்கே. குருடனுக்கு முன்னால சாடை பண்ற மாதிரி இருக்கு எனக்கு.

ஆமா, போயிடுச்சு. பிப்ரவரியில இருந்து. உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, காரம் தெரியுது. வாசம் மட்டும் இல்ல. கொத்தமல்லியும் சவர்க்காரமும் எனக்கு ஒன்னுதான். மிளகாயை முப்பதா ஏத்தினது அதனாலதான், அது ஒன்னாவது வாயில எரியுதே. டாக்டர்கிட்ட போனேன். வரலாம், வராமலும் போகலாம்னாரு.

சமையல்கூடப் போகட்டும். உன் அண்ணி அமுதாவோட நீலப் புடவை ஒன்னை அலமாரியில துவைக்காம வச்சிருக்கேன். அவ பவுடர் வாசம், அவ வேர்வை வாசம், எல்லாம் அதுல இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை திறந்து மோந்து பார்ப்பேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்ப திறந்தா துணிதான் இருக்கு. அவ வாசம் அதுல இன்னும் இருக்கா, இல்ல அதுவும் போயிடுச்சான்னுகூட எனக்குத் தெரியல. ரெண்டாவது தடவை செத்துட்டா புனிதா.

செல்வத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன்னா, உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

நாகையா

---

மேரு
10.8.2024

அண்ணே,

உங்க லெட்டரைப் படிச்சு அழுதேன். அண்ணி விஷயத்தைப் படிச்சுத்தான். திட்டினதுக்கு இல்ல, திட்டு எனக்குப் பழக்கம்.

பொய் எழுதினது தப்பு. இனிமே உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன், இது சத்தியம். இப்பவே ஆரம்பிக்கிறேன். உங்க சீரகத்தூளைக் குப்பையில கொட்டினேன். நீங்க பிரமாதம்னு எழுதின என் சில்லியில சீரகமே இல்ல. போன தீபாவளிக்கு நீங்க ஆக்கினதுல தக்காளி ஜாஸ்தி.

செல்வத்துக்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். உங்க அடுப்பு உங்களுக்கு எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும் அண்ணே. ஆனா ஒரு நாள் காலையில இவர் போனை எடுத்துட்டு முகம் வெளுத்து என்கிட்ட வந்து நின்னா, அன்னைக்கு நான் என்ன செய்வேன்னு ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. அப்பா அம்மா இல்ல. அண்ணி இல்ல. சண்டை போட எனக்கு இருக்கிறது நீங்க ஒருத்தர்.

ஆவணி பிறக்கட்டும். அதுக்கு மேல தள்ளாதீங்க.

தங்கச்சி புனிதா

---

மேரு
15.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்க சுகம். ஆவணி பிறந்து ஒரு மாசம் ஆச்சு. உங்ககிட்ட இருந்து ஒரு வரி இல்ல.

ஒட்டும் உறவும் இல்லாமலே போகட்டும். தோங்கை அடைச்சீங்களா, அதை மட்டும் எழுதுங்க.

புனிதா

---

செராஸ்
6.10.2024

அன்புள்ள புனிதாவுக்கு,

அண்ணன் எழுதுவது. மேல விலாசத்தைப் பார்த்திருப்பே. நான் சுகம். நீ, மாப்பிள்ளை, தாமரை எல்லாரும் சுகமா இருக்கணும்.

உன் லெட்டர் வந்து மூணாம் நாள். சாயங்காலம் டீக்குத் தண்ணி வச்சுட்டு முன்னால வந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். காத்துல அடுப்பு அணைஞ்சிருக்கு. கேஸ் போய்க்கிட்டே இருந்திருக்கு. ஃபஹீமா கதவை இடிச்சுக்கிட்டு உள்ள வந்துச்சு, நேரா போய் அடைச்சுச்சு. இடுப்புல அந்தக் குழந்தை. தூக்கத்துல இருந்து அப்படியே அள்ளிக்கிட்டு வந்திருக்கு, தலை தோள்ல துவண்டு கிடக்கு. அப்படியே என்னை வெளிய காரிடாருக்கு இழுத்துக்கிட்டுப் போச்சு.

என் சமையல்கட்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் அந்தக் குழந்தையோட தொட்டில் இருக்காம். ஒரு வருஷமாப் பக்கத்துல இருக்கேன், எனக்குத் தெரியாது.

என் உயிர் மட்டும்னா வீம்பு பிடிச்சிருப்பேன் புனிதா, உனக்கே தெரியும். அன்னைக்கு ராத்திரியே செல்வத்துக்கு நானே போன் போட்டேன். கத்துவான்னு நினைச்சேன். "ஏம்ப்பா எட்டு மாசம் தனியா வச்சுக்கிட்டு இருந்தீங்க"ன்னு கேட்டுட்டு அழுதுட்டான். மறுநாள் வந்து கூட்டிட்டு வந்துட்டான். அடுப்பையும் தோங்கையும் அங்கேயே விட்டுட்டேன். அமுதா புடவையைத் தனிப் பையில போட்டு மடியில வச்சுக்கிட்டு வந்தேன்.

முதல் வாரம் முழுக்க ரசம்தான். நான் சொன்ன மாதிரியே டிவி முன்னாலதான். போன சனிக்கிழமை சந்திரகலா பக்கத்துல வந்து உட்கார்ந்து, "மாமா, உங்க சில்லியை எனக்குச் சொல்லித் தாங்க. ஆனா இறைச்சி இல்லாம"ன்னு கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இறைச்சி இல்லாம என்னம்மா இருக்கு அதுலன்னேன். "பீன்ஸ் போடலாமே, புனிதா அத்தை போடுவாங்களே"ங்குது. நான் அடுப்புக்கு முன்னால நிக்கணுமாம், அது பக்கத்துல நின்னு மோந்து பார்த்துச் சொல்லுமாம். இந்த வருஷ ஓப்பன் ஹவுஸ் இங்க செராஸ்லயே வைக்கலாம்னு ஆசைப்படுது. உனக்குச் சம்மதமா?

இன்னொன்னும் சொல்லிடுறேன். பீன்ஸ் நல்லா இருக்குன்னு ஜூன்ல எழுதினேனே, அது பொய் இல்ல. சீரகம்தான் பொய். வாசம் போனதுக்கு அப்புறம் இறைச்சி வாயில துணி மாதிரி கிடக்குது. உன் பீன்ஸ் மட்டும் பல்லுல தட்டுப்பட்டுச்சு. கடிச்சா உடையுது, உள்ள மாவு மாதிரி இருக்கு. நாலு மாசத்துல சாப்பிடுறோம்ங்கிற நினைப்பு வந்தது அன்னைக்குத்தான். கஞ்சின்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

பீன்ஸை எத்தனை மணி நேரம் ஊற வைக்கணும்? எழுது.

அண்ணன்
நாகையா

---

மேரு
11.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சம்மதம். எட்டு மணி நேரம். ஊறின தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில தளதளன்னு கொதிக்க விடுங்க. உப்பை முதல்லயே போட்டுடாதீங்க.

முட்டி மடங்குதோ இல்லையோ, நான் வரேன். அந்தத் தோங்கை விட்டுட்டு வந்ததுக்கு உங்க காலைத் தொட்டுக் கும்பிடணும் போல இருக்கு. வந்து கும்பிடுறேன். ஃபஹீமாவுக்கு ஒரு புடவையும் குழந்தைக்கு ஒரு சட்டையும் எடுத்து வச்சிருக்கேன், தீபாவளிக்கு அவங்களையும் கூப்பிடுங்க.

தங்கச்சி புனிதா

---

மேரு
5.11.2024

அன்புள்ள நாகையா அண்ணனுக்கு,

தங்கச்சி புனிதா எழுதிக்கிறது. நல்லபடியா வீடு வந்து சேர்ந்தோம். முட்டி வீங்கிக் கிடக்கு, மனசு லேசா இருக்கு. சந்திரகலாவும் செல்வமும் அலைஞ்ச அலைச்சலுக்கு நல்லா தூங்கி எழுந்திருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

சனிக்கிழமை எல்லாரும் இருந்தாங்க, அதனால வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப சொல்றேன். உங்க சைவச் சில்லியில பீன்ஸ் சரியா வேகல. எட்டு மணி நேரம்னு எழுதினேன், நீங்க ஆறு மணி நேரத்துல எடுத்திருக்கீங்க, சந்திரகலா சொல்லிடுச்சு. சீரகம் ஜாஸ்தி. மோந்து பார்க்க ஆள் கிடைச்சுட்டாங்கன்னு அள்ளிக் கொட்டியிருக்கீங்க. மிளகாய் இருபது இருக்கும், ஃபஹீமா கண்ணுல தண்ணியோட ரெண்டாவது தட்டு வாங்குச்சு. தக்காளி, நான் முப்பது வருஷமா சொல்ற அளவைவிட இப்பவும் ஜாஸ்திதான்.

இவர் மூணு தட்டு சாப்பிட்டாரு. சட்டியில எனக்கு எடுத்துட்டு வர ஒரு கரண்டிகூட மிஞ்சல. தூக்கை வெறுமனே கொடுத்து அனுப்பறோமேன்னு நீங்க வாசல்ல நின்னு சங்கடப்பட்டீங்க. வெறும் தூக்கா வரல அண்ணே, அதைத்தான் எழுத வந்தேன்.

நீங்க கீழ ஆளுங்களை வழியனுப்பிக்கிட்டு இருந்தப்ப, சந்திரகலாகிட்ட கேட்டுட்டு உங்க ரூமுக்குப் போனேன். அந்தப் பையைத் திறந்து அண்ணி புடவையை முகத்துல வச்சு மோந்து பார்த்தேன். பவுடர் வாசம் பாதிக்கு மேல போயிடுச்சு. கழுத்துப் பக்கம் வர்ற மடிப்புல மட்டும் அண்ணி இருக்காங்க. கொஞ்சம்தான். ஆனா இருக்காங்க.

பையை இறுக்கிக் கட்டி வச்சிருக்கேன், சும்மா சும்மா திறக்காதீங்க. அடுத்த தடவை வரும்போது மறுபடி மோந்து பார்த்துச் சொல்றேன். உங்க மனசு குளிரட்டும்னு எழுதினது இல்ல இது. சீரகம் ஜாஸ்தின்னு எழுதின அதே கையாலதான் எழுதுறேன்.

தங்கச்சி
புனிதா